உறைக்குள் ஒரு வளையம்

ரோவெனா ஹாஸ்கின்ஸுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. கோடை விடுமுறையில் சனிக்கிழமை தவறாமல் ஊருக்கு வெளியே இருக்கும் கிளப்புக்குப் போய்ச் சுடுவாள். அவளும் டாய்ல் பெக்கரும் பதினொரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேடையில் சுடுகிறவர்கள். டாய்லுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழில்.

சுட்டு முடித்த பித்தளை உறைகளை அமெரிக்காவின் இந்த வயோமிங் பக்கத்தில் யாரும் வீசுவதில்லை. பொறுக்கி வந்து, டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார்கள். ஆனால் இருவருடையதும் தானாக உறையைக் கக்கும் ரைபிள். உறை பறந்துபோய்க் கல்லில் விழும். வாய் நசுங்கும், விளிம்பு பிய்யும். அதனால் பொறுக்கியதையெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அவள் மூன்றாவது குண்டைச் சுட்டதும் ரைபிள் அடுத்த தோட்டாவை ஏற்க மறுத்துவிட்டது. திறந்து பார்த்தால், உறையின் அடிப்பாதி மட்டும் வெளியே வந்திருந்தது. மேல்பாதி உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு டாய்ல் ஒரு பை நிறைய உறை கொடுத்திருந்தான். அந்தப் பை உறைதான் காரணம் என்று முடிவுகட்டினாள். சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"புதருக்குள்ள கிடந்த குப்பையப் பொறுக்கி என் தலையில கட்டிட்டியே டாய்ல். என் முகம் போயிருந்தா?"

டாய்ல் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சிக்கியிருந்த பாதியை அதற்கான கருவியால் இழுத்தெடுத்தாள். பிறகு தன்னிடமிருந்த சுட்ட உறைகள் முந்நூறையும் கராஜ் மேசையில் கொட்டினாள். வாய் லேசாக நசுங்கியவை டைக்குள் போனால் நிமிர்ந்துவிடும்; அவை ஒரு பக்கம். மடிப்பு விழுந்தவை, விரிசல் கண்டவை, விளிம்பு கிழிந்தவை எல்லாம் குறட்டால் நசுக்கிப் பழம்பித்தளை டப்பாவுக்குள். நசுக்காமல் போட்டால் இன்னொருவன் எடுத்துவிடுவான்.

அடுத்து, காகிதம் கோக்கும் கம்பியின் நுனியை வளைத்து உறைக்குள் விட்டு உரசிப் பார்த்தாள். அடியிலிருந்து சற்று மேலே, ஏழாவது உறையில் நுனி தடுக்கியது. உள்சுவர் வளையமாகத் தேய்ந்திருந்தது. அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ அந்த இடத்தில்தான் உறை இரண்டாகும். அப்படி நாற்பத்திரண்டு அகப்பட்டன.

டாய்ல் கொடுத்தவற்றுக்கு அவள் கறுப்பு மையும் தன்னுடையவற்றுக்குச் சிவப்பு மையும் வைத்திருந்தாள். வளையம் கண்டவற்றில் பாதிக்கு மேல் சிவப்பு.

நல்ல உறை ஒன்றை டைக்குள் விட்டு எடுத்தாள். பிறகு அளவுகோலால் முன்பின் வித்தியாசத்தைப் பார்த்தாள். மார்ச்சில், டை மாட்டும் அழுத்துபொறியான பிரஸ்ஸை இந்த மேசைக்கு மாற்றிப் பொருத்தியபோது டையை அடிவரை திருகியிருக்கிறாள். அது உறையின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, வேண்டியதைவிடக் கீழே தள்ளிவிடுகிறது. சுடும்போது உறை அவ்வளவு தூரம் நீள்கிறது. மறுபடி தள்ளல், மறுபடி நீளல். பித்தளையில் குற்றமில்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நாளைய மாவட்டப் போட்டிக்கென்று டாய்லின் மகள் ட்ரீவாவுக்கு அறுபது தோட்டா கொடுத்திருந்தாள். எல்லாம் இதே டையில் செய்தவை.

டாய்ல் போனை எடுக்கவில்லை. ட்ரீவாவின் எண் இவளிடம் இல்லை. அவர்கள் வீட்டுக்கு முப்பது மைல் ஓட்டிக்கொண்டு போனாள். கொட்டகையில் தோண்டும் இயந்திரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ட்ரீவாகிட்ட இருக்கற தோட்டாவத் திருப்பிக் கொடு. அதை அவ சுடக் கூடாது."

"என் குப்பைதானே அதுல இருக்கு?"

"உன்னுது நல்ல பித்தளை. டைய நான்தான் தப்பா வச்சிருக்கேன். அஞ்சு மாசமா."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தான். பத்துத் தோட்டாக்களைப் பிரித்துக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். இரண்டில் தடுக்கியது. டாய்ல் அந்த இரண்டையும் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால் தேவலை என்று ரோவெனாவுக்கு இருந்தது. மிச்சத்தையும் அவளிடமே கொடுத்துவிட்டு, நீ போகலாம் என்று மட்டும் சொன்னான்.

ட்ரீவா கடைத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பதினேழாவதாக வந்தாள். பழகாத தோட்டா, குண்டு வேறெங்கோ போனது என்று யாரோ சொல்லி ரோவெனாவுக்குத் தெரிந்தது.

இரண்டு வாரம் டாய்ல் கிளப் பக்கம் வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை வந்து, அவளுக்கு இரண்டு மேடை தள்ளித் துப்பாக்கியை விரித்தான். அன்று நின்றிருந்த நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். ரோவெனா அவர்களைக் கூப்பிட்டு, அன்று டாய்லைச் சொன்னது அத்தனையும் தப்பு, கோளாறு தன் கையில்தான் என்று அவன் காதுபடவே சொன்னாள். ஒருவர் இருமினார். நாலாவது ஆளிடம் போனில் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

டாய்ல் தோட்டாக்களை அடைத்துக்கொண்டே இருந்தான்.

"டைய எவ்வளவு மேல ஏத்தின?" என்று கேட்டான், தலை நிமிராமல்.

அவள் சொன்னாள். இன்னும் முடியளவு ஏற்றலாம் என்றான் அவன்.