கொறடா சொன்ன பச்சை

எதிர்ப்பு ஓட்டுக்கான சிவப்புப் பொத்தானின்மேல் விரல், மணி அடித்து ஓய்ந்துவிட்டது, அவையின் கதவுகளைச் சாத்திவிட்டார்கள், தெற்குக் கடற்கரையிலிருந்து வந்த எம்.பி. சண்முகக்கனியின் விரல் அது, பக்கத்து இருக்கையில் கட்சிக் கொறடா தணிகாசலம் குனிந்து, பச்சைம்மா, பச்சை, என்கிறார், குழந்தைக்குச் சோறூட்டுகிறவரைப் போல. இதுவரை பச்சையைத்தான் அழுத்தி வந்திருக்கிறாள், படித்தே பார்க்காத சட்டங்களுக்கும், படித்துப் பார்த்து வயிறு எரிந்த சட்டங்களுக்கும், கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும், பணத்துக்குக் கட்சி தாவுகிறவர்களைத் தடுக்க வந்த விதி அது, வந்த காலத்தில் கல்லூரி மாணவியாக அவளும் கைதட்டியிருக்கிறாள், யோசிக்கிறவர்களின் வாயையும் அது சேர்த்துக் கட்டிவிடும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது. அதை மாற்றத்தான் தனிநபர் மசோதா கொண்டுவந்தாள், ஆட்சியே கவிழ்கிற ஓட்டெடுப்புக்கு மட்டும் கொறடா உத்தரவு இருக்கட்டும், மற்றதில் மனசாட்சிப்படி விடுங்கள் என்று, அது விவாதத்துக்கு வந்த அந்த ஒரே வெள்ளிக்கிழமை, எழுந்து நின்று வாய் திறந்ததும் கூச்சல், எதிர்வரிசை என்று நினைத்துத் திரும்பினால் தன் கட்சிக்காரர்கள், மதியம் கூடவே தயிர்சாதம் சாப்பிட்டவர்கள், அவை ஒத்திவைக்கப்பட்டது. ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க என்று வெளியே வந்து கேட்டாள், தணிகாசலம் சிரித்தார், நல்ல மசோதாதாம்மா, புதுசா வந்தப்ப நானும் இதையேதான் பேசினேன், என்னையும் இப்படித்தான் உட்கார வச்சாங்க.

இன்று வந்திருப்பது கடற்கரை நிலச் சட்டம், அவள் தொகுதியின் உப்பளங்களை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ள வழிசெய்வது, கால் வெடித்து அளத்தில் நிற்கும் பெண்கள் கண்ணுக்குள் வந்து நிற்கிறார்கள், பச்சைம்மா என்கிறார் அவர் மறுபடியும், சிவப்பை அழுத்தினாள்.

சட்டம் பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது, சில வாரங்களில் பதவி போனது, அவளுடைய தனிநபர் மசோதாவும் அத்தோடு செத்தது.

ஊர் திரும்பி அளத்துக்குப் போனாள், உப்பு வாரிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி பலகையைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள், எக்கா, எங்களுக்காவ எதுத்து ஓட்டுப் போட்டியளாமே, டிவில சொன்னான். சண்முகக்கனி தலையாட்டினாள். அப்ப சட்டம் நின்னுட்டாக்கா? இல்ல பேச்சி, வந்துட்டு. முத்துப்பேச்சி உப்பைத் திரும்பிப் பார்த்தாள், இனி ஒங்க எடத்துக்கு யாரு போவா? இடைத்தேர்தல் வரும், கட்சி வேற ஆள நிறுத்தும். அவரு அங்க என்ன ஓட்டுப் போடுவாரு? அவங்க சொல்ற ஓட்டு. அப்ப நாங்க என்னத்துக்குக்கா ஓட்டுப் போடணும் என்றாள் முத்துப்பேச்சி, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப் போல, பதிலுக்காக நின்றுகொண்டேயிருந்தாள்.