எண்பத்தைந்து வீதம்

தன் பெயரை விஜேந்திரன் எந்த நாளில், எத்தனை மணிக்குத் திருடுவார் என்பதை றுஸ்னா முன்கூட்டியே கணித்து வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை, பொசொன் போயா விடுமுறை, பகல் பன்னிரண்டரைக்கும் இரண்டு மணிக்கும் இடையில். எண்பத்தைந்து வீதம் நிச்சயம்.

மீதிப் பதினைந்து வீதத்துக்குத்தான் அவளிடம் வேறு வழி இல்லை.

மாத்தளை நகரில், ஹார்ட்வெயார் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனம். மொத்தம் பன்னிரண்டு பேர். மெல்பேர்னில் உள்ள பல் வைத்திய நிலையங்களில் நோயாளிகள் நேரம் ஒதுக்கிக்கொள்வதற்கான மென்பொருளைச் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் கணினிப் பலகையில் ஒரு கார்ட். வேலை முடிந்தால், செய்தவர் அந்தக் கார்டை 'முடிந்தது' பக்கத்துக்கு நகர்த்துவார். யார் நகர்த்தினார், எப்போது நகர்த்தினார் என்பதைப் பலகை மறக்காது.

போன வருடம் வரை றுஸ்னாதான் அந்தக் குழுவின் தலைவி. ரிலீஸ் எப்போது என்று கேட்டால் சும்மா வாய்க்கு வந்த திகதியைச் சொல்ல மாட்டாள். வாரத்துக்கு எத்தனை கார்ட் முடிந்திருக்கிறது என்று பழைய பதிவுகளை எடுத்து, கணினியைப் பத்தாயிரம் தடவை சீட்டுக் குலுக்கிப் பார்க்க வைத்து, "இந்தத் திகதிக்குள்ள முடிய எண்பத்தஞ்சு வீதம் சான்ஸ் ஈக்கு" என்பாள்.

"நீ சொல்றது திகதியா, வானிலை அறிக்கையா தங்கச்சி?" என்று முகாமையாளர் விஜேந்திரன் எல்லார் முன்னாலும் சிரிப்பார். சிரித்து முடித்து, அவள் சொன்னதற்கு ஒரு மாதம் முந்திய திகதியை மெல்பேர்னுக்கு அனுப்பிவிடுவார்.

போன வருடம் அப்படி அனுப்பிய திகதி நெருங்கியபோது, முடியாத பதினேழு கார்டுகள் ஒரே மணித்தியாலத்தில் 'முடிந்தது' பக்கத்துக்குப் போயின. நகர்த்தியவர் பெயர்: றுஸ்னா. அரைகுறை மென்பொருள் வெளியே போனது. அங்கே ஒரே கதிரைக்கு ஒரே நேரத்தில் மூன்று நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"நான் தொடவே இல்ல சேர்."

"பலகை பொய் சொல்லுமா?" என்று திரையைக் காட்டினார் விஜேந்திரன். வேலைக்குச் சேரும் அன்றே எல்லாருடைய பாஸ்வேர்டையும் 'அவசரத்துக்கு' என்று தன் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளும் மனிதர்.

மன்னிப்புக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'என் நேர்மையீனத்தால் விளைந்த இந்தத் தவறுக்கு நானே முழுப் பொறுப்பு.' எல்லார் முன்னாலும் அதைச் சத்தமாக வாசிக்கவும் வைத்தார். தலைவிப் பதவி போனது. அவளுடைய மேசை கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் போனது.

றுஸ்னா வேலையை விடவில்லை. அந்தக் கதவு திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டபடியே பலகையின் பழைய வரலாற்றைத் தோண்டினாள். அதற்கு முந்திய மூன்று ரிலீஸ்களிலும் இதே கதை. பவாஸ், பிரதீபா என்று தலைகுனிந்து விலகிப் போனவர்களின் பெயர்களில். நான்கு தடவையும் வாடிக்கையாளர் மீளாய்வுக்கு முந்திய விடுமுறை நாள், பகல் சாப்பாட்டு நேரம். கார்டுகளுக்குப் போட்ட கணக்கை அவள் அந்த மனிதருக்கும் போட்டுப் பார்த்தாள். நான்கே தடவைதான் என்பதால் நூறு வீதம் என்று எழுத மனம் வரவில்லை.

தன் பாஸ்வேர்டை மட்டும் அவள் மாற்றவில்லை.

இந்த வருட மீளாய்வுக்கு மெல்பேர்னிலிருந்து ரஜனி நேரிலேயே வந்திறங்கினார். வாடிக்கையாளர் பக்கத்து மேற்பார்வையாளர். மாத்தளையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் புறப்பட்டுப் போனவர். விஜேந்திரன் அவருக்குக் கொடுத்திருந்த ரிலீஸ் திகதி ஜூன் இருபது. றுஸ்னாவின் கணிப்பு ஜூலை இருபத்தைந்து. பலகையில் நாற்பத்து மூன்று கார்டுகள் மிச்சம். ஜூன் இருபதை நம்ப வைக்க வேண்டுமானால் புதன்கிழமை மீளாய்வில் பதினைந்துக்கு மேல் மிஞ்சக் கூடாது. நம்பிவிட்டால் விஜேந்திரனுக்குக் கொழும்புக் கிளையின் தலைமைக் கதிரை.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் றுஸ்னா ரஜனியின் அருகே போனாள்.

"அக்கா, ஒரு கார்ட் முடிஞ்சா உங்க ஃபோனுக்குச் சத்தம் வர்ற மாதிரி செஞ்சு தரவா? பேரோட வரும்."

"செஞ்சு தாங்க. இங்க நானாக் கேட்டாத்தான் எதுவும் தெரிய வருது."

"நாளைக்குப் போயா லீவுதானே, பகலுக்கு எங்க வீட்டுக்கு வாங்களேன். உக்குவளைதான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சும் உம்மா இன்னும் அடுப்ப விட்டு நகரல்ல."

"விஜேந்திரனும் சாப்பிடக் கூப்பிட்டாரு, கோயிலுக்குப் போறேன்னு தட்டிக் கழிச்சிட்டேன். கோவிச்சுக்குவாரே."

"சொல்லாதீங்க. சொன்னா அவரும் வந்துருவாரு. சோறு காணாது."

ரஜனி வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் பன்னிரண்டரைக்குப் பாயில் சஹன் வந்தது. ஆளுக்கொரு தட்டு கிடையாது. ஒரே பெரிய தட்டு, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ரஜனி, றுஸ்னா, உம்மா கைறுன்னிஸா, மூன்றே பேர்.

"கோழிதான் மகள், மாடு கலக்கல்ல. பயமில்லாமத் தின்னுங்க" என்றாள் உம்மா.

ரஜனியின் ஃபோன் அவர் முழங்காலருகே பாயில் கிடந்தது. ஒரு மணி. சத்தமில்லை. ஒன்றே கால். சத்தமில்லை. ரஜனி பாதி வயிற்றைத் தாண்டிவிட்டார். சாப்பாடு முடிந்தால் கை கழுவ எழும்ப வேண்டும். எழும்பினால், எந்த அறைக்குள் போய் எந்த ஃபோனைத் தட்டினாள் என்று நாளைக்கு யாரும் கேட்கலாம். றுஸ்னா ஒவ்வொரு பருக்கையாக எடுத்தாள்.

"என்ன புள்ள, கோழிக்குஞ்சு மாதிரிக் கொத்துறாய்?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க உம்மா."

"நீயா கேக்குறாய்? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்லையே?" என்றபடி உம்மா சட்டியைச் சரித்தாள்.

ஒன்று இருபத்தாறுக்கு ஃபோன் 'டிங்' என்றது.

ரஜனி இடக்கையால் எடுத்துப் பார்த்தார். "கார்ட் நாற்பத்தொண்ணு. நீங்க முடிச்சிட்டீங்களாம்."

மறுபடியும் டிங். மறுபடியும். ரஜனியின் கண் ஃபோனிலிருந்து றுஸ்னாவின் வலக்கைக்கு வந்தது. மணிக்கட்டு வரை நெய்ச்சோறு. இடக்கையில் தண்ணீர்க் கோப்பை.

"என் ஃபோன் அந்தக் கண்ணாடி அலுமாரிக்குள்ள ஈக்கு. லெப்டொப் ஒபிஸ்ல" என்றாள் றுஸ்னா.

"யாரது, விடாம அடிக்கிறாங்க? எடுத்துப் பேசுங்களேன்" என்றாள் உம்மா.

இருபத்தெட்டு டிங். ஒன்று ஐம்பதுக்கு நின்றது.

"உங்க பாஸ்வேர்ட் விஜேந்திரன்கிட்ட இருக்கா?" ரஜனியின் குரலில் விருந்தாளியின் இளக்கம் போய்விட்டிருந்தது.

"எல்லாருடையதும் ஈக்கு."

"தெரிஞ்சும் ஏன் மாத்தல?"

"மாத்தியிருந்தா வேற ஒரு புள்ளைட பேர்ல போயிருக்கும்."

"அது பாதி. மிச்சத்தச் சொல்லுங்க."

றுஸ்னா சோற்றைப் பார்த்தாள். "அவரு விழுறத நான் என் கண்ணால பாக்கணும் அக்கா."

"அப்ப என்னக் கூப்பிட்டது விருந்துக்கில்ல. சாட்சிக்கு."

"ரெண்டுக்கும்தான்."

ரஜனி சிரிக்கவில்லை. கை கழுவினார். இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடாமல் உம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேன் வளைவில் திரும்பும் வரை வாசலில் நின்ற றுஸ்னாவுக்கு, அந்தப் பதினைந்து வீதம் இடம் மாறி இப்போது ரஜனியிடம் போய் உட்கார்ந்துகொண்டதாகத் தோன்றியது.

புதன்கிழமை விஜேந்திரன் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். சுவர்த் திரையில் பதினைந்தே கார்டுகள்.

"ஜூன் இருபது, மெடம். ஒரு நாளும் அசையாது."

"திங்கட்கிழமை நாற்பத்து மூணு இருந்துச்சே?" என்றார் ரஜனி.

"நேத்துப் போயாவுலயும் நம்ம புள்ளைங்க விடல்லையே. அதுலயும் நம்ம றுஸ்னா. போன வருசம் தப்பு செஞ்ச புள்ளதான், இல்லங்கல்ல. இப்ப பாருங்க, வீட்டுல இருந்தே இருபத்தெட்டுக் கார்ட். கை எடுக்காம செஞ்சிருக்கு."

இரண்டு பேர் கைதட்டினார்கள். றுஸ்னா கழிவறைக் கதவோரத்து மேசையில் இருந்தாள். ரஜனி பேனாவை மூடி வைத்தார்.

"உண்மைதான். கை எடுக்கவே இல்ல. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

விஜேந்திரனின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது.

"எங்க ரெண்டு பேர் கையும் ஒரே சஹன்லதான் இருந்துச்சு, மிஸ்டர் விஜேந்திரன். அந்த இருபத்தெட்டுச் சத்தமும் என் ஃபோன்லதான் கேட்டுச்சு."

"மெடம், அது... சிஸ்டத்துல ஏதோ..."

றுஸ்னா எழுந்தாள். "பலகை பொய் சொல்லுமா சேர்?"

மேசையில் கிடந்த ஃபோன் அப்போதுதான் பேசியது. நிறுவன உரிமையாளரின் குரல். ரஜனி காலையிலேயே விஷயத்தைச் சொல்லி, இணைப்பில் வைத்திருந்தார். "விஜேந்திரன், கொப்பியையும் சாவியையும் றுஸ்னாக்கிட்டக் குடுத்திட்டு இன்னைக்கே கிளம்புங்க."

ரஜனி றுஸ்னாவின் பக்கம் திரும்பினார். "நிஜத் திகதி?"

"ஜூலை இருபத்தஞ்சு. எண்பத்தஞ்சு வீதம்."

"அது போதும் எனக்கு. ஆனா அடுத்த தடவை என்னச் சாப்பிட மட்டும் கூப்பிடுங்க."

"சரி அக்கா. ஒரு சின்ன வேல மிச்சம் ஈக்கு."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விஜேந்திரன் முன்னால் வைத்தாள். ஒரு வருடமாக ஒரு மடிப்பும் விழாமல் வைத்திருந்த கடிதப் பிரதி.

"ஒரு சொல்லும் மாத்த வேணாம் சேர். பேர மட்டும் மாத்துங்க. எழுதிட்டு இவங்க முன்னால வாசிங்க. நான் வாசிச்ச அளவு சத்தம் போதும்."

அவர் ரஜனியைப் பார்த்தார். ரஜனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவாஸின் பழைய மேசையில், பிரதீபாவின் பழைய மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

அவர் பேனா வெற்றுத் தாளொன்றின் மேல்மூலையில் வந்து தயங்கி நின்றது.

"திகதி என்ன போடுறது?" என்று கேட்டார் விஜேந்திரன்.

"இன்னைய திகதிதான் சேர்" என்றாள் றுஸ்னா. "இது நூறு வீதம்."