ஊத்துக்கோட்டையில் வாங்கிய ஆறு கோழி

பதினான்காவது கோழிக்குக் குழி தோண்டும்போது நர்மதாவுக்கு அழுகை வரவில்லை. முதல் இரண்டு நாள் அழுததோடு அது தீர்ந்துபோய், இப்போது ஆத்திரம்தான் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வேலிகாத்தான் ஓரமாகக் கடப்பாரையால் குத்திக் குத்தி மண்ணை இளக்கி, முழங்கால் ஆழத்துக்கு அள்ளிப் போட்டாள். கோழியை உள்ளே கிடத்திச் சுண்ணாம்பைத் தூவி மூடினாள். ஏரியில் வீசாதே, குப்பையில் போடாதே, நாய் இழுத்துப் போனால் ஊர்க் கோழி பூராவும் போய்விடும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். யாரோ செய்த காரியத்துக்குத் தான் இடுப்பொடியக் குழி வெட்டுகிறோமே என்று நினைக்க நினைக்க வயிறெரிந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு வரை அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஒருநாள் காலையில் காண்டிராக்டர் வாசித்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவ்வளவுதான். அன்றிலிருந்து கோழிதான் அவளுக்குக் கம்பெனி. புருஷன் அன்புசெல்வன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெல்டிங் வேலைக்குப் போய்க் கொண்டுவருவது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாய்ப்போகும். மற்றதெல்லாம் முட்டையில்தான் ஓடியது. சிப்காட் வாசலில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கும் அருணா, தினம் பத்து நாட்டு முட்டை தவறாமல் தந்தால் வேறு யாரிடமும் வாங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நர்மதாவிடம் இருந்ததோ பதினைந்து கோழி. எப்படிப் பார்த்தாலும் ஆறு முட்டைக்கு மேல் தேறவில்லை.

அந்தக் குறையை அடைக்கத்தான் ஊத்துக்கோட்டைச் சந்தையில் ஜெயராஜிடம் ஆறு கோழி வாங்கினாள். எல்லாம் ஊசி போட்டது, அடுத்த வாரமே முட்டை வைக்கும் என்று அவன் பிள்ளை மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். வந்த அன்று சாயங்காலமே அவற்றைப் பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு ராத்திரி ஒட்டி உறங்கிவிட்டால், வாசம் ஒன்றாகி, விடிந்த பிறகு ஒன்றையொன்று கொத்தாது. கொத்தவும் இல்லை. மூன்றாம் நாள் புதுக்கோழி ஒன்று றெக்கையைத் தொங்கப்போட்டு நின்றபடியே தூங்கியது. கூடு முழுக்க வெள்ளையும் பச்சையுமாய்க் கழிச்சல். ஐந்தாம் நாள் அவளுடைய சொந்தக் கோழி ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்தது. வெள்ளைக் கழிச்சல் என்றார் டாக்டர். புதுசை இரண்டு வாரம் தனியாக வைத்திருக்க வேண்டுமாம். வாங்கும்போது இதை ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

புதுக்கோழி ஆறும் போய், கூடவே பழசில் எட்டும் போயிற்று. விட்டுத் தொலை, அந்த ஆளாவது ஒத்துக்கொள்வதாவது என்றான் அன்புசெல்வன். அவளால் விட முடியவில்லை. அடுத்த சந்தையன்று முதல் பஸ்ஸில் ஏறி ஊத்துக்கோட்டையில் இறங்கினாள்.

ஜெயராஜ் அவளைப் பார்த்ததுமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் விவரம் சொன்னாள். தண்ணி மாறினால் கோழிக்கு அப்படித்தான் ஆகும் என்றான். வெயில் என்றான். அவள் மறுபேச்சுப் பேசாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் கோழிக்கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாலும் செல்போனை நீட்டி, தன் கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும் வீடியோவைக் காட்டினாள். மூன்றாவது ஆளும் நழுவியபோது ஜெயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பேஜாரு பண்ணாதமா. நா இன்னா ஊட்டுலயா கோழி செய்றேன்? பண்ணையில குடுக்கறாங்கோ, எடுத்தாந்து விக்கறேன். என் ஊட்டுலயே நாலு செத்துப்போச்சு, தெரிமா?"

"செத்துப்போச்சுன்னு தெரிஞ்சிக்கினேதான் இன்னிக்கும் கொண்டாந்து வச்சிக்கினு கீறியா, ண்ணா?"

 ஜெயராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு, கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மொபெட்டை ஸ்டார்ட் செய்து, பண்ணையிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று அவளை ஏறச் சொன்னான்.

பண்ணை, மாந்தோப்புகளைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. நீள நீளமான தகரக் கொட்டகைகள், ஆள் உயரக் காம்பவுண்டு, கம்பிக் கதவு. வீடுகளில் வளர்ப்பதற்கென்றே குஞ்சு பொரித்து, பெரிதாக்கி, ஜெயராஜ் மாதிரி வியாபாரிகளிடம் கொடுப்பார்கள். வாட்ச்மேன் ஆசீர்வாதம் ஜெயராஜை மட்டும் உள்ளே விட்டார். நர்மதா எதிரே புங்கமர நிழலில் நின்றாள். காலையில் வெறும் டீ குடித்த வயிறு. கொட்டகைகளிலிருந்து ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு வேண்டியது அதில் நல்லதாக ஆறே ஆறு. அது கிடைத்துவிட்டால் அருணாவிடம் தலைநிமிர்ந்து போய் நிற்கலாம்.

அரைமணி கழித்து ஜெயராஜ் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு சிரித்துக்கொண்டே வந்தான். ஆறுக்கு ஆறு கொடுத்துவிட்டார்கள் என்றான். அவளுக்கு நெஞ்சு லேசாகிப்போனது. பரவாயில்லை, மனுஷத்தன்மை இருக்கிறது என்று நினைத்தபடியே குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். நாலு கோழி துறுதுறுவென்று இருந்தன. இரண்டு கோழி, மற்றவை முட்டி மோதியும் அசையாமல், றெக்கை தரையைத் தொட, கண்ணை மூடி நின்றபடியே தூங்கின.

பதினாலு கோழி அப்படித் தூங்கியதை உட்கார்ந்து பார்த்தவள் அவள். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாலை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் மனசு அலைபாயத்தான் செய்தது. வீட்டில் மிஞ்சியிருக்கும் ஏழின் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றாள்.

ஜெயராஜும் பெட்டிக்குள் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. பார்க்காததுபோல் மூடியை இறுக்கி, மொபெட்டில் வைத்துக் கயிறு கட்டினான்.

"இத யார் தலையில கட்டப் போற, ண்ணா?"

"நீயும் வாணான்ற. திருப்பிக் குடுத்தா நாளைக்கி என்னிய உள்ளயே சேக்க மாட்டாங்கோ. இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் நிக்கும்மா. அதுக்குள்ள வித்துப் போயிடும்."

அவன் கயிற்றை முடிந்துகொண்டிருக்கும்போதே அவள் விறுவிறுவென்று போய்க் கதவுக் கம்பியைப் பிடித்து, உள்ளே நடந்துகொண்டிருந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். இளவயசு. மூக்கை மறைத்து மாஸ்க் போட்டிருந்தான். அவள் போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"சார், உங்க கோழி வந்துதான் என் கோழி பூரா செத்துச்சு. இப்ப குடுத்ததும் சீக்குக் கோழிதான். நீங்களே வந்து பாருங்க சார்."

"எங்க பண்ணையில நோயே கெடையாதும்மா, எல்லாத்துக்கும் ஊசி போட்டிருக்கு. உங்க ஊட்டுக் கோழிங்கதான் நோய வச்சிக்கினு இருக்கும். பாவமேன்னு ஆறு குடுத்தா, கேட்டாண்ட வந்து நிக்கற. செத்த கோழியத் தொட்ட கையோட வந்து கம்பியப் புடிக்கறியே, உள்ள அஞ்சாயிரம் கோழி கீது."

அவன் ஆசீர்வாதத்தைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நடந்தான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கடைசிக் கொட்டகை வரைக்கும் போய்விட்டான்.

ஆசீர்வாதம் முதுகில் கிருமி மருந்து பம்பை மாட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயசிருக்கும். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"கைய எடுத்துக்கமா. வெளியாளுங்க தொட்ட எடத்துல அடிக்கணும்னு ஆர்டரு. தப்பா நெனச்சிக்காத."

அவள் கையை எடுத்தாள். அவள் பிடித்திருந்த கம்பிகளில் அடித்தார். அவள் நின்ற மண்ணில் அடித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, குழாயைத் தாழ்த்தி அவள் காலிலும் அடித்தார். மருந்து செருப்பின் வாரில் வழிந்து விரலிடுக்கில் இறங்கியது.

பின்னால் ஜெயராஜின் மொபெட் கிளம்பியது. ஆறு கோழியோடு மாந்தோப்பைத் தாண்டி ஊத்துக்கோட்டைச் சந்தைப் பக்கம் போயிற்று.