ஆகாயத்தில் ஒரு மடிப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. ரப்பர் கன்று வாங்கப்போன இடத்தில் கிடைத்தது. வாங்கியவர்கூட நானில்லை, என் மச்சான். நான் காருக்குள் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இறங்கியவன். குலசேகரம் பக்கத்தில் லீலாபாயின் நாற்றுப்பண்ணை. மழை பிடித்துக்கொள்ள, தகரக்கூரைக்குள் ஒதுங்கினேன். அங்கே உரமூட்டை மேல் உட்கார்ந்து அந்த அம்மாள் இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்றை போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "1944. வானம் அதிர்ந்தது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு எதிரி விமானங்கள்..."

(எங்கே அதிர்ந்தது? குலசேகரத்திலா? அழித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "சிறுவயதிலிருந்தே பறக்க ஆசைப்பட்ட லீலாபாய்..."

(பச்சைப் பொய். உயரமான மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பாதி நடந்ததும் தலைசுற்றித் திரும்பி வந்தவர் அவர்.)

ஆகவே இப்படித் தொடங்குகிறேன்: லீலாபாய் இலை பார்ப்பவர்.

3

நமக்கு எல்லா ரப்பர் கன்றும் ஒன்றுதான். அவருக்கு அப்படியில்லை. இலையின் நுனி, காம்பு சாயும் சாய்வு, மேல்பக்க மினுமினுப்பு, இந்த மூன்றையும் பார்த்தே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். தவறாகச் சொன்னால் அன்றைக்குத் தெரியாது. ஏழு வருஷம் கழித்துப் பால் வெட்டும்போதுதான் தெரியும், அதற்குள் ஒரு குடும்பத்தின் ஏழு வருஷம் போயிருக்கும். அதனால் உறுதியில்லாத பெயரை அவர் வாய் சொல்லாது.

கொரோனா சமயத்தில் வேலையில்லாமல் இருந்தவர், பழைய போர் விமானங்களின் படத்தைப் போட்டு "இது எது?" என்று கேட்கும் இணையக் குழு ஒன்றில் போய் விழுந்தார். இலைநுனிக்குப் பதில் இறக்கைநுனி. ஆறே மாதத்தில் வெள்ளைக்காரர்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.*

* நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "யார் நம்புவான்? அவரை ஓய்வுபெற்ற விமானப்படைக்காரராக மாற்று" என்றார். மாற்றிப் பார்த்தேன். அந்த ஆள் ஒரு பக்கம் முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டிருந்தாரே தவிர எந்த விமானத்தையும் பார்க்கவில்லை. அவரை அனுப்பிவிட்டேன்.

4

கோட்டாறு மைதீன் பிச்சை, எழுபத்தாறு வயது, ஜவுளிக்கடையை மகனிடம் விட்டவர், யாரிடமோ எண் வாங்கி லீலாபாய்க்கு ஒரு படம் அனுப்பினார். கறுப்புவெள்ளை. தொப்பி வைத்த இளைஞர், பின்னால் ஒரு விமானம்.

"எனக்க வாப்பா பீர்கண்ணு, ஓட்டின பிளேனோட நிக்காவ மக்களே. பேரு மட்டும் சொன்னா போதும். ஞாயித்துக்கிழம பேத்தி சஜ்னாவுக்கு நிக்காஹ். மண்டப வாசல்ல இதப் பெருசா வைக்கப்போறோம்."

லீலாபாய் பார்த்தார். இறக்கை ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானத்துடையது, அந்த வளைவு வேறு எதற்கும் கிடையாது. ஆனால் வயிற்றுக்குக் கீழே தொங்கும் ரேடியேட்டர் ஹரிக்கேன் என்ற இன்னொரு விமானத்துடையது. இரண்டும் ஒரே உடம்பில் வராது. மனிதரின் நிழல் வலப்பக்கம் விழ, விமானத்தின் நிழல் இடப்பக்கம் விழுந்தது. அப்புறம் அந்தக் கோடு. வாலில் தொடங்கி, மேகத்தின் வழியே, படத்தின் மேல்விளிம்பு வரை நேராகப் போனது. ஆகாயத்தில் மடிப்பு விழுமா?

துணியில்தான் விழும். அது போட்டோ ஸ்டுடியோக்களில் பின்னால் தொங்கவிடும் சித்திரத் துணி. அப்படி ஒரு விமானம் உலகத்தில் பறந்ததே இல்லை.

"ஸ்பிட்ஃபயர்" என்று அனுப்பினால் பெரியவர் சந்தோஷமாகப் போய்விடுவார். லீலாபாயின் விரல் வரவில்லை. அந்த மனுஷருக்காக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

5

இந்த இடத்தில் நான் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) ஸ்பிட்ஃபயர் என்றே சொல்லிவிடுகிறார். பிரியாணி மணக்கிறது. சுபம்.

ஆ) உண்மையைச் சொல்கிறார். பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு... (நிறுத்திவிட்டேன். கல்யாண வீட்டில் ஆளைச் சாய்க்கிற எழுத்தாளனை எவன் பந்தியில் உட்காரவைப்பான்?)

இ) லீலாபாய் போனை அணைத்துவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் விடப் போகிறார். (இலக்கியத் தரமான முடிவு. எனக்கே பிடிக்கவில்லை.)

மூன்றையும் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"சாரே, மூணுலயும் அந்த மாமா வாயத் தொறக்கவே இல்லியே? நான் கோட்டாறுக்கு நேருல போனேன். அங்க நடந்தத எழுதும்."

6

நடந்தது இதுதான்.

"மாமா, உங்க வாப்பா என்ன வேல பாத்தாவ?" என்று லீலாபாய் சுற்றிவளைத்துத் தொடங்கினார்.

"சண்ட நேரத்துல சிலோன்ல, பிளேன் எறங்குத ஏரோட்ரோம்ல. பொறவு இங்க வந்து ஸ்டுடியோக்காரங்களுக்குத் துணியில சீனரி எழுதினாவ. தாஜ்மஹால், அருவி, பிளே..."

அவர் நிறுத்திக்கொண்டார். படத்தை வாங்கிப் பார்த்தார். லீலாபாய் அந்த மடிப்பைக் காட்டினார். பெரியவர் முகம் சுண்டிப்போனது.

"அப்போ இது வெறும் துணியா மக்களே?"

"துணிதான் மாமா. ஆனா இங்க பாருங்க." விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் சின்னதாய் ஒரு வட்டக் கண்ணாடி. "இது உளவு பாக்கப் போவுத பிளேனுக்கு மட்டும் உள்ளதாக்கும். இது வழியா கேமரா போட்டோ எடுக்கும். பக்கத்துல நின்னு பாக்காதவங்களுக்கு இத எழுதத் தெரியாது. மத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோச்சு, இத மட்டும் மறக்கல்ல."

மைதீன் பிச்சை அந்த வட்டத்தைத் தடவினார். அப்புறம் மெல்லச் சொன்னார்:

"ஓட்டினேன்னு வாப்பா ஒருநாளும் சொன்னதில்ல. அஞ்சாங்கிளாஸ்ல நான்தான் கூட்டுக்காரன்கிட்ட அளந்துவிட்டேன். பொறவு நிறுத்த முடியல்ல."

சாயாவோடு வந்த அவர் மனைவி பல்கீஸ் பீவி வாசலிலேயே நின்றுவிட்டார். "பின்ன எனக்க வாப்பாட்ட பொண்ணு கேட்டு வந்தப்போ?"

"அப்பவும் நிறுத்த முடியல்ல."

"பைலட்டுக்க மவன்னு சொல்லியாக்கும் என்னையக் கெட்டிக் குடுத்தாவ! அம்பத்திரெண்டு வருசம்!"

லீலாபாய் எழுந்து ஓடிவிடலாமா என்று செருப்பைத் தேடினார். பல்கீஸ் பீவி படத்தைப் பிடுங்கி, கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆனா எனக்க மாமனார் நல்லாதான் எழுதியிருக்காவ," என்றார். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பெரியவர் அதற்காகவே காத்திருந்தவர்போலச் சேர்ந்துகொண்டார்.

7

அதற்கப்புறம்தான் சிக்கல். மாப்பிள்ளை வீட்டார் தேங்காப்பட்டணம். பைலட் குடும்பம் என்று கேள்விப்பட்டே சம்பந்தம் பேசியவர்கள். வாசலில் படத்துக்குக் கீழே உள்ள வரியை அவர்கள் படிக்கும்போது மைதீன் பிச்சை நிமிர்ந்து நிற்க வேண்டும். பொய்யும் இருக்கக்கூடாது, அது லீலாபாயின் கட்டளை. பெயரில்லாத பிளேனை வைக்கமாட்டேன் என்கிறார் பெரியவர். வாப்பா உண்டாக்கின பிளேன், உலகத்தில் வேறெவனிடமும் இல்லாத பிளேன், அதற்கு இனிமேல் பெயர் வைத்தால் அது பொய்யாகாதே என்பது அவர் வாதம். அளந்துவிட்ட ஆள் வைக்கக்கூடாது என்கிறார் பல்கீஸ் பீவி. "சாரே, நீங்க எழுத்துக்காரருல்லா, ஒண்ணு சொல்லும்" என்று லீலாபாய் என்னைக் கேட்டார். நான் நான்கு பெயர் சொன்னேன். நான்கையும் கேட்டுச் சிரித்தார்கள்.

ஆகவே பெயரை உங்களிடம் விடுகிறேன். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். மிச்ச வரியைப் பெரியவரே எழுதிக் கொடுத்துவிட்டார்:

"எங்கள் வாப்பா பீர்கண்ணு, தம் கையால் வரைந்த .................... விமானத்துடன்."