நண்டின் ஏழாவது அடி

சியம் ரீப் பயிற்சிக்கூடத்தில் காலையிலிருந்து நண்டைப் பற்றித்தான் சண்டை. கம்போடியத் தற்காப்புக் கலையான போக்காத்தோரின் பாடத்தில் ஒரே ஒரு நண்டு அடவுதான் ஏறும். மாலைக்குள் எது என்று முடிவாக வேண்டும்.

பட்டம்பாங்கில் பஞ்சர் ஒட்டும் யிம் கற்றது இந்த ஒரே அடவுதான், ஒன்பது அடிகள். பழைய கலைகளையெல்லாம் அழித்த போல் பாட் ஆட்சியில், காவலாள் பார்வையில் படாமல், நாற்று நடும் சாக்கில் சேற்றுக்குள் கால் மாற்றி மாற்றிக் காப்பாற்றியது. இது தப்பென்றால் அத்தனையும் வீண்.

கொம்போங் சாமிலிருந்து வந்திருந்த சாரோமின் அடவு ஏழாவது அடியில் பிரிந்து வேறு பக்கம் போனது.

"யோவ் யிம், அடிக்கிற நேரத்துல பின்னால போயி உள்ளங்கையை ஏந்துறியே, யாராவது சூப்பு ஊத்துவாங்களா?"

"நீ காத்துல முழங்கையை வீசுறியே, கொசுவா விரட்டுற? எட்டாவதுல உக்காந்து, ஒன்பதாவதுல கையை வேற தூக்குற. வெளிய போகணும்னு வாத்தியார்கிட்ட கேக்குற மாதிரி."

பாடம் எழுதிக்கொண்டிருந்த ரஸ்மெய் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மாமா, அது ஏன் அப்படின்னு ரெண்டு பேரும் அவங்கவங்க குருகிட்ட கேக்கலையா?"

"கேட்டேன்மா. முதல் வருஷம் தனியா பழகு, ஏன்னு அடுத்த வருஷம் சொல்றேன்னாரு. அடுத்த வருஷம் நாட்டுல போர் வந்துருச்சு."

"எனக்கும் அதே பதில்தான்" என்றார் சாரோம், கொஞ்சம் இறங்கிய குரலில். உடனே நிமிர்ந்தார். "அதுக்காக உன்னோடது சரியாகிடுமா? வா, எதிர்ல நின்னு பாத்துருவோம்."

இருவரும் இடுப்பில் கிராமாத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். ரஸ்மெய் எண்ணினாள். ஆறு வரை கண்ணாடி பார்ப்பதுபோல் ஒன்றாகவே போனது.

"ஏழு."

சாரோமின் முழங்கை சுழன்று வந்தது. யிம் வழக்கம்போல் பின்வாங்கிக் கையை ஏந்தினார். முழங்கை வந்து, அளந்து செய்த மூடி மாதிரி, உள்ளங்கையில் உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரஸ்மெய் எண்ண மறந்துபோனாள்.

"எட்டு" என்று யிம்மே சொன்னார். எதையோ வாருவதுபோல் முப்பத்தைந்து வருடமாக வெறும் தரையைத் துடைத்துவந்த அவர் கால், சாரோமின் கணுக்காலைக் கொக்கி போட்டு இழுத்தது. சாரோம் எட்டாவது அடியில் எப்போதும் உட்காருவார். இப்போதும் உட்கார்ந்தார், தொப்பென்று.

அப்போதுதான் யிம்முக்கு விளங்கியது. நண்டுக்குக் கொடுக்கு இரண்டு. குருமார்கள் ஆளுக்கு ஒன்றைத்தான் முதலில் பழக்குவார்கள். சேர்த்துவைப்பது இரண்டாம் வருஷத்துப் பாடம்.

"அம்மா ரஸ்மெய், ரெண்டையும் எழுதிக்கோ. ஒண்ணுக்கு இன்னொண்ணு பாதி."

தரையில் உட்கார்ந்தபடியே சாரோம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒன்பதாவது பாக்கி இருக்குய்யா."

யிம்மின் ஒன்பதாவது அடி குனிந்து கை நீட்டுவது. பூமியை வணங்குவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். குனிந்தார். உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார். யிம் அதைப் பிடித்து அவரை எழுப்பி நிறுத்தினார்.