மூன்றாவது ரிப், கீழ் வரிசை

மனிதர்களை மேலே அனுப்புவதுதான் லிஃப்ட் மெக்கானிக்கின் தொழில். ஒன்பதாவது மாடி வரை அனுப்பி, பத்திரமாக இறக்கியும் விடுவார். அதற்கும் மேலே போக ஆசைப்பட்டவர் அவர் மட்டும்தான். அதனால் வீட்டை ஒட்டிய ஷெட்டிலிருந்து காரை வெயிலுக்குத் தள்ளிவிட்டு, உள்ளே சில வருஷங்களாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். தெருவில் அவருக்கு ‘பைலட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விமானத்துக்கு இன்னும் சக்கரம்கூட வரவில்லை. பெயர் முந்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் தையல் மெஷினை எடுத்துப்போக வந்தான். அவனுடைய அக்கா, அதாவது லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, போன வருஷம் அவன் வீட்டு மாடிக்குக் குடிபோனவள். அதிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மிக்ஸி போனது, இஸ்திரிப் பெட்டி போனது, நல்ல குடை போனது. ஒரு வண்டி வைத்து மொத்தமாக அள்ளிப்போயிருந்தால் ஒரே நாளில் துக்கப்பட்டு முடித்திருக்கலாம். இது தவணை முறையில் நடந்தது.

ஷெட்டுக்குள் தலையை நீட்டிய மச்சினன் மூக்கைப் பொத்தினான். பெட்ரோல் தொட்டிகளின் இடுக்குகளை அடைக்கும் கறுப்புப் பசைக்கு அழுகிய முட்டையின் வாசனை. அந்தப் பசை ஒருமுறை கையில் பட்டால் கதவுப்பிடி, போன், காதுமடல் என்று வீட்டையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஓயும்.

“என்ன அத்தான், யாருக்குப் பொறந்தநாள்?”

மேஜையில் விமான இறக்கைக்கான இரண்டு அலுமினியத் தொட்டிகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் குழாயிலும் ஒரு பலூன். வலது தொட்டியின் பலூன் கும்மென்று நின்றது. இடது தொட்டியினுடையது வாடின கத்தரிக்காய் மாதிரி சாய்ந்துகிடந்தது.

“ஒழுகுதான்னு பாக்கறேன் மாப்ள. எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டு உள்ள லேசா காத்த விடணும். பலூன் அப்படியே நின்னா தொட்டி நல்ல தொட்டி.”

“இது நிக்கலையே.”

“பாத்தியா, உனக்கே தெரியுது.”

“பெட்ரோல் ஒழுகினா என்ன ஆகும்?”

“றெக்கைக்குள்ள ஒழுகும்.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ உங்க அக்காகிட்ட வேற மாதிரி சேதி கொண்டுபோகணும்.”

மச்சினன் சிரிக்கவில்லை. “ஒட்டிட வேண்டியதுதானே?”

“எங்கன்னு தெரிஞ்சா ஒட்டலாம்.”

அதுதான் சங்கடம். தகட்டை உள்ளே தாங்குகிற ரிப்புகளின் மேல் நூற்றுக்கணக்கில் ரிவெட் ஆணிகள். ஒரு வாரமாக எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைத் தடவித் தடவிப் பார்த்திருந்தார். ஒழுகல் அவ்வளவு மெதுவானது. ஒரு குமிழி வருவதற்குள் சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். குளிருக்குப் பலூன் சுருங்குகிறது என்று இரண்டு நாள் வானிலையின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். பக்கத்துப் பலூன் அதே குளிரில் கும்மென்று நின்று அவர் மானத்தை வாங்கியது.

வலது தொட்டியைப் போன மாதம் ஒரு வெல்டரை உதவிக்கு வைத்து முடித்தார். இடது தொட்டி மனைவி இருந்தபோது செய்தது. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் கன்னால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். அவர் கை ரிப்புகளுக்கு நடுவே முழங்கையோடு நின்றுவிட்டது. அவள் கை தோள் வரை போயிற்று. தகட்டில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, தடவித் தடவிப் பிடிப்பாள். ஒரு தடவை, “இங்க ஒண்ணு சரியா உக்காரலங்க” என்றாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, அடுத்தத பிடி” என்றார் அவர்.

அது அவருடைய பொதுவான பதில். கூரை சொட்டுகிறது என்றபோதும் அதைத்தான் சொன்னார். முட்டி வலிக்கிறது என்றபோதும் அதேதான். நமக்குள்ள ஏதோ சரியில்ல என்று அவள் சொன்னபோது ரிவெட் கன்னைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“அக்காவுக்கு ஞாபகம் இருக்கும்,” என்றான் மச்சினன். “அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அதான் அவகிட்ட பிரச்சினையே. நான் கேட்டுச் சொல்லவா?”

“வேணாம். நானே கேக்கறேன்.”

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூன்று நாள் அவர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எட்டாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்துவைத்து, ஐம்பது பேரைப் படியில் ஏற விட்டுவிட்டு, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். நான்காம் நாள் சாயங்காலம் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டார்.

“சொல்லுங்க.”

“தையல் மெஷின் வந்துச்சா?”

“வந்துச்சு. பெல்ட் புதுசா இருக்கே.”

“போட்டுவிட்டேன்.”

ஒத்திகையில் இந்த இடம் வரவே இல்லை.

“இடது பக்கத் தொட்டி ஒழுகுது. அன்னிக்கு நீ ஒண்ணு சரியா உக்காரலன்னு சொன்னியே, அது எது?”

அவள் யோசிக்கக்கூட இல்லை. “மூணாவது ரிப், கீழ் வரிசை, மூக்குப் பக்கத்துலேர்ந்து ரெண்டாவது. கட்டை வழுக்கிடுச்சு. அன்னிக்கே சொன்னேன்.”

“சொன்ன.”

“சொன்னேன்ல?”

“சொன்ன. நான்தான் கேக்கல.”

போனில் யாரோ படியில் ஏறுகிற சத்தம் கேட்டது.

“பின்பக்கத் தகட்டுல ஒரு ஓட்டை வெட்டி, உள்ள கைய விட்டுப் பசை பூசணும். என் கை போகாது. ஞாயித்துக்கிழமை வந்தின்னா...”

“வெளியிலேர்ந்து ஒட்ட முடியாதா?”

முடியும். உள்ளேயிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சினால் போதும். ரிவெட் தலையில் வைத்த நீர்த்த பசை தானாக உள்ளே இழுபட்டு இறுகிவிடும். ஒரு ஆள் வேலை, கால்மணி நேரம். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, தகட்டில் கன்னத்தைச் சாய்த்து நிற்பாள்.

“முடியும்,” என்றார்.

“அப்ப வெளியிலேர்ந்தே ஒட்டுங்க.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “வச்சிடவா?”

“சரி.”

அந்த ஒரு ரிவெட்டில் மட்டும் சோப்புத் தண்ணீர் வைத்து, காயக் காய மறுபடி ஒரு சொட்டு விட்டு, குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் கழித்துக் கடுகளவு குமிழி ஒன்று எழும்பியது. அவள் சொன்ன இடம்தான். அவர் அதைத் துடைக்காமல், அதுவாக உடையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கைப்பம்பை மாட்டி, தொட்டி நசுங்கிவிடாதபடி மெதுவாகக் காற்றை உறிஞ்சி, ஒரு சொட்டுப் பசை வைத்தார். அது ரிவெட்டைச் சுற்றி ஒரு வளையமாக நின்று, சட்டென்று உள்ளே போயிற்று.

பசை இறுகியபின் மறுபடி காற்றடித்துச் சோதித்தார். அடுத்த நாளும் பலூன் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. இடையில் ஒருதரம், கொஞ்சம் சுருங்கியிருக்கிறதோ என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தார். சுருங்கவில்லை. வருத்தப்பட ஒன்றுமில்லாததால் வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை தொட்டியை இறக்கையில் பொருத்தினார். செய்முறைப் புத்தகத்தில் ‘இதற்கு இருவர் இருப்பது நல்லது’ என்று போட்டிருந்தது. நல்லதுதான். ஒரு முனையை ஸ்டூல்மேல் நிறுத்தி, மறுமுனையைத் தோளில் தாங்கி, வாயில் கடித்திருந்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். பாதி வேலையில் போன் அடித்தது. மச்சினன். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“அத்தான், ஒழுகல் நின்னுச்சான்னு அக்கா கேக்கச் சொன்னா.”

அவர் வாயிலிருந்த ஸ்குரூக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

“அவ கேக்கச் சொன்னாளா, நீயா கேக்கறியா?”

“நான்தான் கேக்கறேன் அத்தான்.”

“நின்னுடுச்சு மாப்ள,” என்றார். தோளிலிருந்த தொட்டி மெல்ல நழுவியது. அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.