முட்டிப் படம்

இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி முடிச்சுப் போட்டாள் ஜெபராணி. கையை எடுத்ததும் அய்யாவின் இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து வலது பாதத்தையும் கூடவே இழுத்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது.

அய்யா இறந்த தந்தி கிடைத்து, மதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எம். புதுப்பட்டிக்கு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. குளிப்பாட்டும்போது தலைமாட்டில் நின்று அழுதவள் காலைக் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தாள். இடது கால் வலதைவிட இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கால்களுக்கு அவள் மணல் மூட்டை அண்டக் கொடுத்திருக்கிறாள். தொடை எலும்பு இடுப்பில் சேருகிற கழுத்தில் முறிந்து விலகினால் பாதம் இப்படித்தான் சாயும், காலும் குறுகும். வெறும் விரிசலாக இருக்கும்போது சாயாது. பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கக்கூட முடியும். வலி சில பேருக்கு இடுப்பில் தெரியாது, முட்டியில்தான் தெரியும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அவள்.

"முட்டிதான் வலிக்கி, பிள்ள." போன மாதம் அய்யா அப்படித்தான் சொன்னார். முற்றத்தில் வெடிக்குழாய் ஒட்டுகிற பசை சிந்திக் கிடந்ததில் வழுக்கி விழுந்தவரை, தம்பி ராஜசிங் மறுநாள் மதுரைக்குக் கூட்டி வந்திருந்தான். டாக்டரிடம் சீட்டு வாங்கியது அவள்தான். எக்ஸ்ரே எடுக்கிறவர், "இடுப்பையும் சேத்து எடுத்துரவா, சிஸ்டர்?" என்று கேட்டார். வார்டில் வேலை குவிந்து கிடந்தது. "முட்டி போதும்ணே" என்றாள்.

படத்தில் முட்டி பழுதில்லாமல் இருந்தது. ஊருக்குப் போன பிறகும் அய்யா எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று தம்பி கடிதம் போட்டான். அன்றைக்கே பதில் எழுதினாள்: "எலும்பு நன்றாக இருக்கிறது. படுக்க விடக்கூடாது. அழுதாலும் நடக்க வையுங்கள்."

"எலும்புல ஒண்ணுமே இல்ல, மதினி. எம்மக எடுத்த படம், நீங்களே பாருங்க." அம்மா ஞானபூரணி ஜன்னல் கம்பியில் செருகியிருந்த படத்தை உருவி, துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு இருளம்மாளிடம் நீட்டினாள். "அம்புட்டு வேலைக்கு நடுவுல எடுத்துக் குடுத்தா. படுக்கையில விழுந்து, நெஞ்சுல சளி கட்டிக் கர்த்தர் கூப்பிட்டுக்கிட்டா நாம என்ன செய்ய?"

இருளம்மாள் படத்தைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "பெத்தா இப்படில்ல ஒரு பிள்ளையப் பெக்கணும்" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஜெபராணிக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

பெட்டிக்கு அளவெடுக்க வந்த கண்ணுச்சாமி ஆசாரி கோலைக் கையில் வைத்துக்கொண்டு கால்மாட்டில் தயங்கினார். "எந்தக் காலை வச்சு அளக்க, தாயி? ஒண்ணு குட்டையால்ல கெடக்கு. முறிஞ்ச கால் மாதிரி..."

"முறியலய்யா" என்றாள் அம்மா. "படம் இருக்கு."

ஆசாரி ஜெபராணியைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

"படத்துல இல்லன்னா சரிதான். நீளக் காலை வச்சே அளந்துக்கிடுதேன்" என்று கோலை நீட்டினார்.

அடுப்படியில் அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். "அய்யா நடந்தாகளாம்மா?"

"நடக்காம? உங் காயிதம் வந்ததுலருந்து தெனமும் காலையில கெணத்தடி வரைக்கும். நான் ஒரு கக்கம், உந்தம்பி ஒரு கக்கம். நாலாம் நாளு சடக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. என்னைய விட்டுருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாக. நான் உங் காயிதத்தத் திரும்ப வாசிச்சுக் காட்டினேன்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுட்டு, 'பிள்ள எழுதியிருக்காளா? சரி, தூக்கு'ன்னாக. முப்பது வருசம் வாத்தியாரா இருந்து ஒருத்தர் பேச்சும் கேக்காத மனுசன், நீ எழுதினதுக்குக் கட்டுப்பட்டாகட்டி."

சொல்லிவிட வேண்டும் என்று ஜெபராணி வாயைத் திறந்தாள். அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று சொன்னால், அந்த நேரம் அய்யாவின் கக்கத்தில் இருந்த கைகள் யாருடையவை என்பதும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வாழ்நாள் முழுக்க அந்தக் கையாலேயே அம்மா சோறு தின்ன வேண்டும்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லம்மா."

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. தீபாவளி சீசன் என்பதால் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். ராஜசிங்கும் இன்னும் மூவரும் அய்யாவைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். உபதேசியார் ஜெபத்தை முடித்தார். தூக்கிய அசைவில் விரல் கட்டு நழுவியிருந்தது. இடது பாதம் சாய்ந்து பலகையில் லேசாக இடித்தது.

ஜெபராணி பெட்டிக்குள் கைவிட்டுப் பாதத்தை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி மூடியோடு வந்து நின்றார்.

"கைய எடு, தாயி" என்றார் மெதுவாக.

"நீங்க மூடுங்க."

தலைமாட்டிலிருந்து மூடி இறங்கி வந்தது. பலகை அவள் மணிக்கட்டில் முட்டி நின்றது. கடைசியாகத்தான் கையை எடுத்தாள். மூடிக்குள்ளே பாதம் சாய்ந்து இடிப்பது கேட்டது.